விடைபெறும் மாணவ முதல்வனும் நன்றிக் கடனும்

(பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர், அடம்பன்)

ஆண்டுதோறும் உயர்தர வகுப்பு மாணவர் கல்லூரி வாழ்வை நிறைவு செய்து வெளியேறுங்காலத்து, அவர்தம் தலைவனாய் விளங்கிய மாணவ முதல்வன் மேடையேறி நன்றியுரை நிகழ்த்தி விடைபெறுதல் நம் நாட்டுக் கல்லூரிகளில் நிலவும் வழக்கமாகும். அதிபர்க்கு நன்றி, ஆசிரியர்க்கு நன்றி, பெற்றோர்க்கு நன்றி, நண்பர்க்கு நன்றி என அடுக்கிக் கூறி, நாத் தழுதழுக்க, கைதட்டல் ஒலிக்கிடையே அவன் இறங்குகின்றான். ஒரு கிழமை கழிந்தபின் அவ்வுரையில் ஒரு தொடரேனும் கேட்டார் நெஞ்சில் நிற்பது அரிது. அவனது உணர்வு பொய் என்று இதனாற் கொள்ளுதல் தகாது. நன்றி என்பது யாது, அஃது எவ்விடத்துச் செலுத்தற்பாலது என்பன அவனுக்கு விளக்கப்படாமையே இதற்குக் காரணமாகும். பழைய மாணவர் வெளியிடும் விழா மலரில் இப்பொருளை ஆராய்தல் மிகவும் பொருத்தமுடைத்து. இம்மலரைக் கையிலேந்தும் அன்பர் ஒவ்வொருவரும் ஒருகால் அவ்வாறு விடைபெற்றுச் சென்றவரே அன்றோ? ஈண்டுத் தலைவன் என்றது தலைவிக்கும் ஒக்கும்.

முதற்கண் சொற்பொருளை நோக்குவோம். நன்றி என்னுஞ் சொல்லுக்குப் பழைய பொருள் நன்மை என்பது. திருவள்ளுவர் தம் நூலின் 11 ஆம் அதிகாரத்துக்குச் ‘செய்ந்நன்றியறிதல்’ எனப் பெயர் அமைந்துளது. பிறர் நமக்குச் செய்த நன்மையை உணர்ந்து மறவாதிருத்தல் என்பது அதன் பொருள். அத்தொடரிற் ‘கூறுதல்’ என்னுஞ் சொல் இல்லை. ‘அறிதல்’ என்பதே உளது. நன்றி கூறுதல் நாவின் தொழில். நன்றி அறிதல் அறிவின் தொழில். செய்யப்பட்ட நன்மை யாது, அதனைச் செய்தவர் எந்நிலையில் இருந்து செய்தார், அதனால் தனக்கு விளைந்த பயன் யாது என்று ஆராய்ந்து தெளிந்தவனே நன்றியறிந்தவன் ஆவான். அறியாது கூறும் நன்றி வெற்றொலியாய் ஒழியும்.

இனி, விடை என்னுஞ் சொல்லை நோக்குக. வினாவுக்கு இறுக்கும் மறுமொழியும் விடை. செல்லுதற்குப் பெறும் இசைவும் விடை. ஈழத்தில் நாம் இவ்வைபவத்தைப் பிரியாவிடை என வழங்குகின்றோம். உடலாற் பிரியினும் உள்ளத்தாற் பிரியாது பெறும் விடை என அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆகவே, விடைபெறும் மாணவன் முன்னே ஒரு வினாவும் நிற்கின்றது. ‘நீ இங்குப் பெற்ற நன்மையை இனி யாது செய்யப் போகின்றாய்?’ என்பதே அவ்வினா. மேடையில் நிகழ்த்தும் உரை அதற்கு முகவுரை மாத்திரமே. நன்மை செய்தார்க்கே அதனைத் திருப்பிச் செலுத்தல் பெரும்பாலும் இயலாது. பின்வருவார்க்குச் செலுத்துதலே இயலும் என்பது இக்கட்டுரை கூறவந்த கருத்தாகும். அதற்குரிய சான்றுகளை முறையே காண்போம்.

13 ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலை அறியாத தமிழ் மாணவர் இலர். அதன் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பு, மாணாக்கர் இயல்பு, பாடம் கேட்டல் முதலியவற்றை வகுத்துரைக்கின்றது. ஆண்டு ஓர் அரிய கணக்குக் கூறப்பட்டுளது. ஆசிரியன் உரைப்பதை நன்கு மனங்கொண்ட மாணாக்கனும் அவன் புலமையிற் காற்பங்கையே பெறுவான். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்குங்காலத்தே கைகூடும் என்பதாம். இக்கணக்கை விடைபெறும் மாணவன் நிலைக்குப் பொருத்திப் பார்க்க. ஆசிரியர்க்கு நன்றி கூறியபோது அவன் காற்பங்குக்குக் கணக்குத் தீர்த்தான். நண்பர்க்கு நன்றி கூறியபோது மற்றொரு காற்பங்குக்குத் தீர்த்தான். மீதி அரைப்பங்கு இன்னும் அவன் கைக்கு வரவேயில்லை. அது பிறர்க்குக் கொடுக்கும்போதே அவனுக்குக் கிடைக்கும். எனவே, எத்துணை நாவன்மை உடையவனாயினும் மாணவன் ஒருவனது பிரியாவிடை உரை பாதி உரையே. மறுபாதியை அவன் வெளியே சென்று நிகழ்த்துதல் வேண்டும்.

விடைபெறுவோன் உரைபோலவே விடைகொடுப்போன் உரையும் உண்டு. குருகுலத்திற் கல்வி முடித்து இல்லம் திரும்பும் மாணாக்கனுக்கு ஆசிரியன் கூறும் அறிவுரை தைத்திரீய உபநிடதத்துச் சீட்சாவல்லியில் அமைந்துளது. வாய்மை பேசுக, அறம் செய்க, கற்றலையும் கற்பித்தலையும் கைவிடற்க, தாயையும் தந்தையையும் ஆசானையும் விருந்தினனையும் தெய்வமெனப் போற்றுக என்பன போன்ற உபதேசங்கள் ஆண்டு உள்ளன. அவற்றின் நடுவே பலரும் எளிதிற் கடந்து செல்லும் ஒரு வாக்கும் உளது. எம்மிடத்துள்ள நல்லொழுக்கங்களையே நீ பின்பற்றுக. ஏனையவற்றைப் பின்பற்றல் வேண்டா என்று ஆசிரியனே கூறுகின்றான். ஆசிரியன் குறையற்றவன் என்று அவ்வுபநிடதம் கூறவில்லை. கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளும் உரிமையை மாணாக்கனுக்கு அது வழங்குகின்றது. நன்றியறிதலும் அடிமைத்தனமும் வேறு வேறு என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டுமோ?

மாணவ முதல்வன் என்னும் பதவி எங்கிருந்து வந்தது என்பதனையும் அறிதல் வேண்டும். பதவியின் வரலாறு தெரிந்தாலன்றி அதற்குரிய கடன் தெரியாது. இஃது ஆங்கிலேயர் நமக்குத் தந்த ஏற்பாடு என்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பாதியே உண்மை. நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளிற் சட்டாம்பிள்ளை என ஒரு மாணவன் இருந்தான். மணலில் விரலால் எழுத்துப் பழகும் சிறுவர்க்கு அவனே கையைப் பிடித்து எழுதக் காட்டுவான். எண்சுவடியைச் சொல்லிக் கொடுத்து ஒப்புவிப்பான். பள்ளிக்கு வாராதாரை அழைத்து வருவான். ஆசிரியர் ஒருவரே பல நிலை மாணாக்கரையும் நடத்துதற்கு அவன் துணையாய் நின்றான். யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களில் ஆசிரியரையே சட்டம்பியார் என அழைத்த வழக்கும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அன்ட்றூ பெல் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டுப் பாதிரியார் 1789 ஆம் ஆண்டிற் சென்னை எழும்பூரிற் படைவீரரின் அநாதைச் சிறுவர்க்கென அமைந்த விடுதிப் பாடசாலையின் பொறுப்பை ஏற்றார். சுதேசப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் எழுதிப் பழகுதலைக் கண்ட அவர் அம்முறையைத் தம் பாடசாலையிலும் புகுத்த முயன்றார். அங்கிருந்த ஆசிரியர் அதற்கு உடன்படாராகவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு கீழ் வகுப்பார்க்குக் கற்பிப்பித்தார். அது நற்பயன் விளைத்தது. நாளடைவில் மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறை அப்பாடசாலை முழுவதிலும் பரவியது. 1797 ஆம் ஆண்டு இலண்டனில் இதுபற்றி அவர் நூலொன்று வெளியிட்டார். 1798 இல் யோசேப்பு இலங்காஸ்டர் என்பார் இலண்டனிற் பாடசாலை தொடங்கி, இதனையொத்த முறையிற் பல நூறு ஏழைச் சிறுவர்க்குக் கல்வியளித்தார். பெல்லின் முறை ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. அவர் பிறந்த சென் அன்ட்றூஸ் நகரில், அவர் விட்டுச் சென்ற பொருள்கொண்டு எழுந்த கல்லூரி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகின்றது.

பின்னர், 1828 தொடக்கம் 1842 வரை இங்கிலாந்தின் றக்பிப் பாடசாலைத் தலைமையாசிரியராய் விளங்கிய தொமஸ் ஆர்னோல்ட் என்பார் மேல்வகுப்பு மாணவரிடம் ஒழுங்கு காக்கும் பொறுப்பை ஒப்புவித்து, அவரை நற்பண்பிற்கு எடுத்துக்காட்டாக விளங்கச் செய்யும் முறையை வலுப்படுத்தினார். அவ்வகைப் பாடசாலைகளைப் பின்பற்றியே நம் நாட்டு ஆங்கிலக் கல்லூரிகளில் மாணவ முதல்வர் பதவி ஏற்பட்டது. நம் திண்ணையிலிருந்து சென்ற சட்டாம்பிள்ளைக்குக் கற்பித்தலே முதற்பணி. கடல் கடந்து மீண்டும் வந்த மாணவ முதல்வனுக்கோ கட்டுப்பாடே முதற்பணியாயிற்று. சின்னமும் கழுத்துப்பட்டியும் வந்தன. கற்பிக்கும் கடமை பெரும்பாலும் நழுவியது. பிறரை வீணே அதட்டி ஏவுவதைச் ‘சட்டாம்பிள்ளைத்தனம்’ என மக்கள் இகழ்தலும் அதிகாரம் மட்டும் எஞ்சிய நிலையையே காட்டுகின்றது. இன்றைய மாணவ முதல்வன் தன் பதவியின் பழைய வேரை மீண்டும் பற்றுதல் நன்று. ஆறாம் வகுப்பிற் கணிதத்தில் இடர்ப்படும் ஒரு சிறுவனைத் தன் பதவிக்காலத்துத் தூக்கிவிட்டவன், நன்றிக் கடனிற் பெரும்பகுதியை மேடை ஏறுமுன்னரே செலுத்தத் தொடங்கிவிட்டான் என்க.

இனிக் கல்விநிலையத்திலிருந்து விடைபெற்றுச் சென்ற ஒரு பெரியார் வரலாற்றைக் காண்போம். 1822 இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுகநாவலர் யாழ்ப்பாணத்து வெசுலியன் மிசன் ஆங்கிலப் பாடசாலையிற் கற்று, ஆண்டே ஆசிரியராகவும் அமர்ந்தார். அதுவே இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. அதன் தலைவராயிருந்த பேர்சிவல் பாதிரியார் அவர்தம் தமிழ்ப் புலமையைப் பெரிதும் மதித்து, விவிலிய நூலைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணியில் அவரைத் துணையாகக் கொண்டார். பாதிரியாரோடு ஒருங்கிருந்து உழைத்த இளைஞர், 1847 ஆம் ஆண்டு திசெம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848 இல் மிசன் பாடசாலை ஊதியத்தைத் துறந்து வெளியேறி, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

இப்பிரிவை நன்றி மறந்த செயல் என்று கூறுவாரும் உளராகலாம். தாம் கற்ற இடத்துக்கு எதிராக மற்றொரு பாடசாலை எழுப்புதல் தகுமோ என அவர் வினவுவர். சிறிது ஆராய்ந்தால் உண்மை விளங்கும். வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கற்பித்தல், படிமுறையில் அமைந்த பாடநூல்களை அச்சிட்டு வழங்கல், எளிய வசனநடையில் எழுதுதல், மக்கள் கூட்டத்தில் ஒழுங்குபடப் பிரசங்கித்தல் ஆகியன மிசனரிமார் கையாண்ட முறைகள். நாவலர் அவற்றுட் கொள்ளத்தக்கவற்றைக் கொண்டார். அவற்றைக் கொண்டே பாலபாடங்களை இயற்றினார், அச்சியந்திரம் நிறுவினார், சைவப் பிள்ளைகளுக்குத் தம் சமயத்தைத் துறவாமலே கல்வி பெறும் வழியைத் திறந்தார். தமக்கு உடன்பாடில்லாத சமய நோக்கத்தை மாத்திரம் விட்டார். தைத்திரீயத்து ஆசான் தன் மாணாக்கனுக்கு வழங்கிய உரிமை இதுவே. தாம் பெற்ற கல்வியை அவர் பேர்சிவல் பாதிரியார்க்குத் திருப்பிக் கொடுக்க இயலுமோ? வண்ணார்பண்ணைச் சிறுவர்க்கே கொடுத்தார். அவர்தம் நன்றியுரை அங்ஙனம் செயல்வடிவிற் பல்லாண்டு நிகழ்ந்தது.

அச்செயலின் பயன் வண்ணார்பண்ணையோடு நின்றதுமன்று. நாவலர் 1879 இல் மறைந்தபின், அவர் காட்டிய வழியிற் சைவப் பெருமக்கள் முயன்றதன் பயனாக 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருப்பெற்றது. 1923 இற் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றிச் சிற்றூர்கள்தோறும் பாடசாலைகளை எழுப்பியது. இந்துக் கல்லூரி என்னும் பெயர் தாங்கி இத்தீவில் எழுந்த நிலையங்கள் பலவற்றின் வேரைத் தேடிச் சென்றால், 1848 இல் ஓர் இளைஞர் ஒரு பாடசாலையை விட்டு விடைபெற்ற நிகழ்ச்சியிற் சென்று முடியும். எமதூராகிய அடம்பனுக்கும் அதிற் பங்குண்டு. அடம்பனுக்கு அண்மையில் மாதோட்டத்தில் உள்ள திருக்கேதீச்சரம், சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற தலம். போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்து காடு மூடிக் கிடந்தது. அதனை மீட்டெடுக்குமாறு 1872 ஆம் ஆண்டு சைவ மக்களை வேண்டியவர் நாவலரே. அவர் வாழ்நாளில் அது கைகூடவில்லை. பின்வந்தோர் பல தலைமுறை முயன்று திருப்பணி செய்து, 1976 இற் பெருங் கும்பாபிடேகம் கண்டனர். தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் வேறொருவர். ஒப்படைக்கத் தெரிந்தார்க்கே இஃது இயலும்.

ஒப்படைத்தல் என்னும் அப்பண்புக்குத் தமிழகத்திலிருந்து ஒரு சான்று தருவேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் மாணவர் பலருள் தியாகராச செட்டியார் மூத்தவர், உ. வே. சாமிநாதையர் இளையவர். பிள்ளையவர்கள் 1876 இல் மறைந்தார். செட்டியார் கும்பகோணம் கல்லூரியிற் தமிழ்ப் பண்டிதராய் விளங்கினார். 1880 இல் அவர் ஓய்வு பெறுங்காலத்து, அப்பதவிக்குத் தம் ஆசானின் இளைய மாணவராகிய சாமிநாதையரையே பரிந்துரைத்து அமர்த்துவித்தார். ஆசான் மறைந்தபின் ஆசானுக்குச் செலுத்தும் நன்றி எவ்வாறு அமையும் என்பதற்கு இது நல்ல விடை. ஆசானால் வளர்க்கப்பட்ட மற்றொருவனுக்குத் தன் இருக்கையை விட்டுக்கொடுத்தார் செட்டியார். அவ்விருக்கையில் அமர்ந்த சாமிநாதையர் 1887 இற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். தொடர்ந்து சங்க நூல்கள் பலவற்றைச் செல்லின் வாயிலிருந்து மீட்டார். 1933, 1934 ஆம் ஆண்டுகளில் தம் ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். சென்னையில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராச விலாசம் எனப் பெயரிட்டார். அவ்வில்லம் 2012 இல் இடிக்கப்பட்டது. ஆயினும், அவர் பதிப்பித்த நூல்கள் தமிழ் பயிலுவார் கைகளில் வாழ்கின்றன. கல்லினாற் செய்த நன்றிக்குக் காலம் எல்லை வகுக்கும். கல்வியாற் செய்த நன்றி கைமாறிக் கைமாறிச் செல்லும்.

கட்டுக்கரைக்குளத்து நீரால் நெல் விளைவிக்கும் எம் பகுதி மக்களுக்கு இக்கருத்தை விளக்குதல் எளிது. அருவியாற்று நீர் தேக்கம் அணைக்கட்டில் தடுக்கப்பட்டுக் குளத்தை அடைகின்றது. குளத்திலிருந்து வாய்க்கால் வழியே வயலுக்கு வருகின்றது. வயல் அந்நீரைக் குளத்துக்குத் திருப்பி அனுப்புவதில்லை; அனுப்பவும் இயலாது. தனக்கு வேண்டுவதைக் கொண்டு, எஞ்சியதைக் கீழ் வயலுக்கு விடுகின்றது. மேல் வயற்காரன் வரம்பை அடைத்துக்கொண்டு, குளத்தை நோக்கிக் கைகூப்பி நின்றால், அவனை நன்றியுள்ளவன் என எவரேனும் கூறுவரோ? கல்வியும் அத்தகைத்து. ஆசிரியரை மேடையிற் புகழ்ந்துவிட்டுப் பின்வருவார்க்கு மடையைத் திறவாதவன் மேல் வயற்காரனே.

இலவசக் கல்வியின் நிழலில் வளர்ந்த மாணவனுக்கு இக்கடன் இருமடங்கு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்று வந்த பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின்கீழ் வந்தன. அன்றுதொட்டு, ஒரு மாணவனின் கல்விச் செலவைத் தாங்குவோர் அவன் பெற்றோர் மட்டுமல்லர். சீனியும் மாவும் வாங்கும்போது வரி செலுத்தும் ஏழைக் கமக்காரனும், மீன்பிடித் தொழிலாளியும், மலைநாட்டிற் கொழுந்து பறிக்கும் பெண்ணும் அவன் மேசைக்கும் புத்தகத்துக்கும் பங்களித்துள்ளனர். அவர்தம் பெயரை அவன் அறியான். அவர் இருக்கும் ஊரையும் அறியான். அவர்க்கு நேரே நன்றி கூற இயலாது. பொதுமக்கள் பணத்தாற் பெற்ற கல்வியைப் பொதுமக்களுக்கே பயன்படுத்துதல் ஒன்றே அக்கடனைத் தீர்க்கும் வழி. மருத்துவனானவன் நோயாளியை மதித்து நடத்துதலும், எழுதுவினைஞனானவன் அலுவலகத்துக்கு வரும் முதியவரை அலைக்கழியாமையும் நன்றியுரையின் பகுதிகளே.

விடைபெறும் வாய்ப்பே இல்லாது பிரிந்த மாணவரையும் ஈண்டு மறத்தல் ஆகாது. 2007 ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் மன்னார்ப் பெருநிலப்பகுதியிற் போர் மூண்டது. 2008 மே மாதத்தில் அடம்பன் படையினர் வசமாயிற்று. அதற்கு முன்னரே மக்கள் வீடுவாசல்களையும் விளைந்த வயல்களையும் விட்டு வடக்கே வன்னிக்குள் நகர்ந்தனர். 2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது, எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களை அடைந்தனர். அவ்வாண்டுகளில் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவர்க்குப் பிரியாவிடை வைபவம் ஏது? மதிய போசனம் ஏது? ஆசிரியரோடு சேர்ந்து எடுத்த நிழற்படம் ஏது? வரவுப் பதிவேட்டிற் பாதி எழுதிய பக்கத்தோடு அவர்தம் பள்ளி வாழ்வு முறிந்தது. சிலர் மர நிழலிலும் தறப்பாளின் கீழும் படித்துப் பரீட்சை எழுதினர். சிலர் மீளவேயில்லை. மீள்குடியேற்றத்தின்பின் பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது, கூரையும் தளபாடமும் இல்லாத வகுப்பறைகளைக் கூட்டித் துப்புரவு செய்தற்கு எவரும் அழைக்காமலே பழைய மாணவர் வந்து நின்றனர். மேடையும் ஒலிபெருக்கியும் இன்றி நிகழ்ந்த நன்றியுரை அதுவே. மேடையில் நின்று விடைபெறும் பேறு பெற்ற இன்றைய மாணவ முதல்வன், அப்பேறு பெறாதார்க்கும் சேர்த்தே தான் பேசுகின்றான் என்பதனை உணர்வானாக. அமைதிக் காலத்திற் பள்ளி முடித்தலும் ஒரு செய்ந்நன்றியே. அதனையும் அறிதல் வேண்டும்.

இனி, நன்றியுரை நிகழ்த்தவிருக்கும் மாணவர்க்குச் சில கூறுவேன். இவை மேற்கூறியவற்றின் வழிவந்த நடைமுறைகள்.

முதலாவது, நன்மையைப் பொதுப்படக் கூறாது சுட்டிக் கூறுக. ‘ஆசிரியர் அனைவர்க்கும் நன்றி’ என்பதினும், ‘பாடசாலை விட்டபின் ஒரு மணி நேரம் இருந்து எங்களுக்கு இரசாயனவியற் கணக்குகளை விளக்கிய ஆசிரியைக்கு நன்றி’ என்பது உயிருடையது. அறிந்தமைக்கு அதுவே அடையாளம். விடியுமுன் வாயிற்கதவைத் திறக்கும் காவலாளியையும், கிணற்றடியைத் துப்புரவாக வைத்திருக்கும் தொழிலாளியையும், நூலகத்திற் கிழிந்த நூல்களை ஒட்டித் தருபவரையும் விட்டுவிடற்க. அவர்தம் பெயர் ஒலிபெருக்கியில் ஒலிக்கும் நாள் ஆண்டில் அஃது ஒன்றேயாகலாம்.

இரண்டாவது, தன் கீழ்ப் பணிசெய்த துணை மாணவ முதல்வர்க்கும், தன் சொல்லுக்கு இசைந்து நடந்த சிறுவர்க்கும் நன்றி கூறுக. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பது எம்மவர் பழமொழி. கடற்கரை மணலிற் படரும் அக்கொடி தனித்து நின்றால் ஒரு சிறுவன் கையாலும் அறும்; பல திரண்டால் வலிய கயிறாகும். தனியொருவன் ஒரு கல்லூரியை ஒழுங்கில் நிறுத்தினான் என்பது நடவாத காரியம். அவன் ஓரிழை, அவ்வளவே.

மூன்றாவது, தன் அதிகாரத்தால் எவரேனும் நொந்திருப்பின் அவரிடம் பொறுத்தருளுமாறு கேட்க. வரிசையில் நிற்கவில்லை என்று தண்டிக்கப்பட்ட சிறுவனின் தாய் அன்று மருத்துவமனையிற் கிடந்திருக்கலாம். பதவியிற் இருக்குங்கால் அதனை அறிய வாய்ப்பின்றிப் போகலாம். பதவி நீங்கும் நாளில் அச்சிறுவன்முன் தலைதாழ்தல் தலைமைக்கு இழுக்காகாது.

நான்காவது, முடித்த பணிகளைப் பட்டியலிட்டுப் பெருமை பேசாது, முடியாத பணிகளை அடுத்த முதல்வனிடம் ஒப்புவிக்க. எந்த வகுப்பில் எச்சிறுவன் எழுத்துக்கூட்டி வாசிக்க இடர்ப்படுகின்றான், எம்மாணவி பேருந்து வசதியின்றிப் பிந்தி வருகின்றாள், எம்மன்றத்துக் கணக்கு இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்பன போன்றவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக் கையளித்தல் சின்னத்தைச் சூட்டுவதினும் சிறந்த கையளிப்பு. தியாகராச செட்டியார் தம் இருக்கையை ஒப்படைத்த வரலாற்றை அந்நேரத்தில் நினைத்துக்கொள்க.

விடைகொடுக்கும் ஆசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. நன்றியுரைக்கு மறுமொழியாக நாம் வாழ்த்து மாத்திரம் கூறி அமைதல் போதாது. எம்மிடம் கண்ட நல்லனவற்றைக் கொள்க, அல்லனவற்றை இங்கேயே விட்டுச் செல்க என்று கூறும் துணிவு வேண்டும். மாணவன் நம்மினும் உயர்ந்து நம்மோடு மாறுபட்டு நிற்பானாயின், அதனை நன்றி மறத்தல் என்று கருதாது, நம் கற்பித்தலின் பயன் என மகிழ்தல் வேண்டும். பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலை இன்றளவும் பெருமையோடு நினைவுகூரும் மாணவருள் அதனை விட்டு நீங்கிய நாவலரும் ஒருவர் அல்லரோ?

இறுதியாக, பழைய மாணவ அன்பர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். நீவிர் அன்று மேடையிற் கூறிய நன்றியின் மறுபாதி இன்னும் நிலுவையில் உளது. கட்டிடத்துக்கு நிதி வழங்குவோர் வழங்குக, அது வேண்டப்படுவதே. அதனோடு, நீவிர் ஒவ்வொருவரும் இவ்வாண்டு ஒரு மாணவனைத் தேடிக் கொள்ளுங்கள். அவனுக்குப் பணம் கொடுத்தல் ஒரு வழி. அவனுக்கு விளங்காத பாடத்தைச் சொல்லிக் கொடுத்தலும், விண்ணப்பப் படிவம் நிரப்புதற்கு உதவுதலும், நேர்முகப் பரீட்சைக்குச் செல்லுமுன் அரைமணி நேரம் அவனோடு பேசுதலும் வேறு வழிகள். அவன் உங்களுக்கு நன்றி கூறினால், ‘எனக்கு வேண்டா, உன் பின்னே ஒருவன் வருகின்றான், அவனுக்குச் செய்’ என்று கூறி அனுப்புங்கள். ஆசிரியர்க்குத் தீர்க்க இயலாத கடனைத் தீர்ப்பதற்கு இதனினும் நல்ல வழி எமக்குத் தோன்றவில்லை.

வாழ்க இக்கல்லூரி. வளர்க அதன் மாணவர் தம்முள் கைமாற்றிச் செல்லும் நன்மை.